நோயெதிர்ப்பு நிலையான சொத்தன்று

எரிபந்தம் தாக்காத நெல்லினம் ஒன்று கிடைத்துவிட்டால் இனிக் கவலையில்லை என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடம் உண்டு. இது பாதி உண்மையே. நோயெதிர்ப்பு என்பது பயிர் ஒருமுறை பெற்று என்றும் வைத்திருக்கும் சொத்தன்று. பயிரும் நோய்க்கிருமியும் இடைவிடாது நடத்தும் போட்டியில் அவ்வப்போது கிடைக்கும் வெற்றியே அது.

எரிபந்தப் பங்கசு, நெல்லிலையின் கலங்களுக்குள் தன் புரதங்களைச் செலுத்தி அவற்றைத் தன்வயப்படுத்த முயலும். நெல்லின் பரம்பரையலகுகளுட் பல நூறு, இத்தகைய கிருமிகளை அறியும் காவலர் போன்றவை. அவற்றுள் ஒன்று பகையை அறிந்துகொண்டால், தாக்குண்ட கலங்கள் உடனே மடிந்து, பங்கசு மேலும் பரவாது தடுக்கும்.

இக்காவற் பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களிற் கூட்டங்கூட்டமாக அமைந்துள்ளன. ஒன்று இரட்டித்துப் பலவாகும். அவற்றிற் காலந்தோறும் சிறு மாற்றங்கள் நேரும். புதிய கிருமியை அறியவல்ல மாற்றம் பெற்ற பயிர், நோய்க் காலத்திற் பிழைத்து விதை தரும். மாற்றம் மிகச் சிறிதாயினும் போதும். பை-டா என்னும் பரம்பரையலகு ஆக்கும் புரதத்தில் 918ஆம் இடத்து அமினோவமிலம் அலனீனாயின் எதிர்ப்பு உண்டு, செரீனாயின் இல்லை.

கிருமியும் வாளாவிருப்பதில்லை. காவலரால் அறியப்படும் புரதத்தை மாற்றியோ இழந்தோ அது தப்பிவிடும். ஓரினமே வெளியெங்கும் நிற்குமாயின், அவ்வாறு தப்பிய ஒரு வித்தியின் வழித்தோன்றல்களுக்கு அவ்வெளி முழுவதும் இரையாகும். ஒரேவகைப் பயிரின் ஆபத்தை இந்நாடு முன்னரே கண்டுள்ளது. 1869இல் மடுல்சீமையிற் காணப்பட்ட துரு நோய், எதிர்ப்பற்ற ஒருவகைக் கோப்பியே மலைநாட்டை மூடியிருந்தமையால், சில பத்தாண்டுகளில் அச்செய்கையையே அழித்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளிற் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், நோய்க்கு எளிதில் இலக்காகும் பசை நெல்லை எதிர்ப்பினத்தின் நிரைகளுக்கிடையே நட்டனர். தனித்து நட்ட வயல்களோடு ஒப்பிடுகையில், அப்பசை நெல்லில் எரிபந்தம் நூற்றுக்கு 94 பங்கு குறைந்தது.

கலந்த நெல்லை ஆலைக்காரர் விரும்பார் என்பது மெய்யே. ஆயினும் இனங்களை ஒரே வயலிற் கலக்கவேண்டுமென்பதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே கமக்காரர் கலந்து பேசி, வயதொத்த இரண்டு மூன்று இனங்களை வெவ்வேறு வயல்களில் விதைப்பின் நீர்ப்பாய்ச்சலுக்கும் இடையூறில்லை, அறுவடைக்கும் இடையூறில்லை. நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடுவது எரிபந்தத்தை வளர்க்குமாதலால், அதையும் தவிர்த்தல் வேண்டும்.

பழைய இனங்களை விளைச்சல் குறைந்தவை என்று கைவிடுவது பெருந்தவறு. எரிபந்தத்தைத் தாங்கும் இனமெனப் பெயர்பெற்று, 1950களின் இறுதியிலிருந்து நாடெங்கும் விளைந்த எச் 4 நெல்லின் பெற்றோருள் ஒன்று, முருங்கைக்காயன் 302 என்னும் உள்நாட்டு நெல்லே. அதனை முன்னோர் பேணாதிருந்தால் எச் 4 தோன்றியிராது. இன்று மறையும் ஒவ்வொரு பழைய இனத்தோடும் நாளை வேண்டப்படும் காவலர் சிலரும் மறையக்கூடும். அவற்றைப் பேணுதல் விதைக் களஞ்சியத்தின் கடமை மட்டுமன்று, கமக்காரரின் கடமையுமாகும்.