வைத்தியர் பக்கம்: பாட்டை நகலெடுத்து வைக்கலாமா?



சென்ற இதழில் இரத்த அழுத்தம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை மருந்துக்குச் சற்று ஓய்வு கொடுப்போம்.

எமது அங்கத்தவர் ஒருவரின் மகன் வால்தம்ஸ்டோவிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கல்யாண வரவேற்பு ஆகியவற்றுக்கு ஒலிபெருக்கி கொண்டுசென்று பாட்டுப் போடுபவர். அவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அங்கிள், சீடி எல்லாம் நான் காசு குடுத்து வாங்கினது. லப்டொப் பழுதானால் விழாவே நிண்டுபோகும் எண்டு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலயும் கொப்பி பண்ணி வைச்சிருக்கிறன். அது பிழையோ?"

1980களில் யாழ்ப்பாணத்து ரெக்கோடிங் பார்களில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, வெற்றுக் கசெற்றில் பதிவு செய்து வாங்கிய தலைமுறைக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஆனால் இந்நாட்டுச் சட்டத்தின் விடை வேறு.

இங்கு நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கணினி நிரல் ஒன்றை முறைப்படி வாங்கியவர், தம் தேவைக்கு அவசியமானால் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுக்கலாம் என்று அது சொல்கிறது. இசைக்கு அந்தச் சலுகை இல்லை. வாங்கிய இசைத்தட்டைச் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம் என்று 2014 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வந்தது. உரிமையாளருக்கு நட்டஈடு எதுவும் ஏற்பாடு செய்யவில்லை என்று இசைத்துறையினர் வழக்காட, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அந்த விதி இருந்த காலத்திலும் தொழிலுக்காக நகலெடுப்போரை அது காக்கவில்லை.

காரணம் இதுதான். ஒரு பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்த நிறுவனம் எனப் பலருக்கும் உரிமை உண்டு. 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, தாம் இசையமைத்த பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். பாடியவருக்கே அப்படியென்றால், தட்டை வாங்கியவர் எம்மாத்திரம்? தேவாரம் எவருக்கும் தனியுடைமை அல்ல. நாம் எல்லோரும் பாடலாம். ஆனால் ஓர் ஓதுவார் பாடி அண்மைக் காலத்தில் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு.

"மண்டபத்தில் லைசன்ஸ் இருக்கிறதே" என்பார் சிலர். அது பொதுவில் பாட்டை ஒலிக்கச் செய்வதற்கு. பாட்டு எழுதியோர், இசையமைத்தோர் சார்பில் பி.ஆர்.எஸ். (1914), ஒலிப்பதிவு உரிமையாளர் சார்பில் பி.பி.எல். (1934) என இரு சங்கங்கள் உள்ளன. 2018 முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே உரிமமாகப் பெறலாம். நகலெடுப்பது வேறு விடயம். தொழில்முறையில் பாட்டுப் போடுவோருக்காகவே 'புரோடப்' என்ற தனி உரிமம் ஏற்படுத்தப்பட்டது. இந்தியச் சட்டத்தில் கல்யாண வைபவங்களில் பாட்டை ஒலிக்கவிட விலக்கு உண்டு என்பது உண்மையே. அது அந்நாட்டோடு நிற்பது. அங்கும் நகலெடுக்க அனுமதி தருவதன்று.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்வது:

1. நகலெடுப்பதற்கான உரிமத்தைப் பி.பி.எல்.இடம் விசாரித்து, இன்றைய கட்டணத்தையும் நிபந்தனைகளையும் எழுத்தில் பெறுங்கள்.

2. மூலத் தட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். நகல் எடுத்தபின் தட்டை விற்றுவிடாதீர்கள்.

3. இணையத்தில் வாங்கும் பாட்டுகளுக்கு அந்தந்தக் கடையின் நிபந்தனையை வாசியுங்கள். ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே.

மருந்துச்சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காக அதைப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து மருந்துக்கடைக்குப் போக முடியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இனி விழா நடத்தும் பெரியோருக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கும் அலங்காரத்துக்கும் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, பாட்டுப் போட வரும் பிள்ளையிடம்தான் நாம் பேரம் பேசுகிறோம். "எங்கட பொடியன்தானே" என்று பாதியாகக் குறைத்தால், அவர் முதலில் கைவிடுவது உரிமக் கட்டணமாகத்தான் இருக்கும். நாளை ஒரு நிறுவனம் நட்டஈடு கேட்டால் கடிதம் அவர் வீட்டுக்கே போகும். நாம் யாரும் பங்குபோட வரமாட்டோம். அவரை அமர்த்தும்போதே "உரிமம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதற்கான செலவையும் சேர்த்துக் கொடுங்கள். எமது சங்க விழாக்களிலும் இவ்வழக்கத்தைத் தொடங்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் முழங்கால் வலி பற்றிப் பார்ப்போம்.