ஒரே ஒரு வரி கமாண்ட்... கரண்ட் பில் உங்களுக்கு, காசு யாருக்கு? கிரிப்டோ மைனிங் செட்டிங்கில் கவனிக்க வேண்டியது என்ன?

"லேப்டாப் சும்மாதானே இருக்கு? இந்த ஒரு வரியை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுங்க, தூங்கும்போதும் காசு வரும்." இப்படிச் சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருக்கலாம். கருப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் நீளமாக ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே எண்டர் தட்டிவிடுகிறார்கள்.

அந்த வரியில் அப்படி என்ன இருக்கிறது? உண்மையிலேயே காசு வருமா? வந்தால் யாருக்கு வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

மைனிங் என்றால் என்ன?

கிரிப்டோ நாணயங்களுக்கு வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்கள்தான் சரிபார்க்கின்றன. அதற்காக ஒரு கடினமான கணக்குப் புதிரைப் போட வேண்டும். விடையை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புது நாணயம் பரிசு. இதுதான் மைனிங்.

பிட்காயினை இப்போது சாதாரண லேப்டாப்பில் எடுக்கவே முடியாது. அதற்கென்றே செய்த தனி மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால் மொனேரோ என்ற நாணயத்தின் கதை வேறு. 2019 நவம்பரில் அது 'ரேண்டம்எக்ஸ்' என்ற முறைக்கு மாறியது. சாதாரண கம்ப்யூட்டரின் பிராசஸரிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்ட முறை அது. அதனால்தான் வீட்டு லேப்டாப்புக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் இவ்வளவு கிராக்கி.

அந்த ஒரு வரியில் என்ன இருக்கு?

மொனேரோ மைனிங்குக்கு அதிகம் பயன்படுவது 'எக்ஸ்எம்ரிக்' என்ற இலவச சாஃப்ட்வேர். இதில் தவறு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதை இயக்கும் கமாண்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிது.

எங்கே: முதலில் வருவது 'பூல்' முகவரி. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து புதிர் போட்டு, பரிசைப் பங்கு பிரித்துக்கொள்ளும் இடம்.

யாருக்கு: அடுத்து வருவது வாலட் முகவரி. மொனேரோவில் இது வழக்கமாக 4 அல்லது 8 என்ற எண்ணில் தொடங்கும், 95 எழுத்து நீளம் இருக்கும். பங்குப் பணம் போய்ச் சேருவது இந்த முகவரிக்குத்தான்.

எவ்வளவு: பிராசஸரில் எத்தனை திரெட் ஓட வேண்டும் என்ற எண். ஒவ்வொரு திரெட்டும் பிராசஸரின் கேச் மெமரியில் 2 எம்பி கேட்கும். ராமில் மொத்தமாக 2 ஜிபிக்கு மேல் பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் என்றால் பாதி காலி!

இவை தவிர, சாஃப்ட்வேரை உருவாக்கியவர்களுக்கு 1 சதவீதம் போகும் 'டொனேட்' செட்டிங், திரையில் தெரியாமல் பின்னணியில் ஓட வைக்கும் செட்டிங் ஆகியவையும் உண்டு.

கவனித்தீர்களா? காசு வாங்குபவருக்கு இந்த வரியில் இடம் இருக்கிறது. கரண்ட் பில் கட்டுபவருக்கு இடமே இல்லை. வேறொருவர் கொடுத்த வரியை அப்படியே பேஸ்ட் செய்தால், அதில் இருப்பது அவருடைய வாலட்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கமாண்டில் எதுவும் தராவிட்டால், அதே ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலைத்தான் சாஃப்ட்வேர் படிக்கும். 'ரெடிமேட்' என்று சொல்லித் தரும் ஜிப் ஃபைலில், அந்த கான்ஃபிக் ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயரில் நிரப்பப்பட்டிருக்கலாம்.

ஜவ்வாது மலையில் ஒரு கணக்கு

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலேஜ் படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்த லேப்டாப் ஒன்று இருக்கிறது. மைனிங் ஓடும்போது அது 60 வாட் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.44 யூனிட். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 86 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைட், ஃபேன், டிவி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் சேர்த்து இருக்கும் அந்த 100 யூனிட்டில் 86-ஐ இந்த ஒரு வரி தின்றுவிடும்!

இதுவே பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள ஜெராக்ஸ் கடை என்றால் இன்னும் மோசம். கடை இணைப்புக்கு அந்த 100 யூனிட் இலவசமும் கிடையாது.

சரி, வரவு? சாதாரண லேப்டாப்பில் ஒரு நாளைக்கு சில ரூபாயைத் தாண்டுவதே கஷ்டம். குறைந்தபட்ச தொகை சேரும்வரை பூல் அதையும் கையில் தராது. நாள் முழுக்க சூடாகி, பேட்டரி உப்பினால் அந்தச் செலவு தனி.

சந்தன மரத்துக்குப் பேர் போன மலை இது. மரம் இங்கே, காசு வேறு எங்கேயோ என்ற கதை இந்த மலைக்குப் புதுசில்லை.

அப்புறம் ஏன் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 2014-ல் வெளிவந்த ஒரு தகவல் இதற்குப் பதில் சொல்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் இயங்கிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓர் ஆராய்ச்சியாளர் திருட்டுத்தனமாக பிட்காயின் மைனிங் செய்தது தெரியவந்தது. அவர் பயன்படுத்திய கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு சுமார் 1.5 லட்சம் டாலர். எடுத்த பிட்காயினின் மதிப்போ 8,000 முதல் 10,000 டாலர்தான்.

அதாவது, செலவை வேறு யாராவது ஏற்றால் மட்டுமே லாபம். அந்த 'வேறு யாராவது' நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். உங்கள் ஒரு லேப்டாப்பில் சில ரூபாய் என்றாலும், ஆயிரம் லேப்டாப் சிக்கினால் அவருக்குத் தினமும் ஆயிரக்கணக்கில் வரும்.

இந்தியாவில் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 2018-ல் ஆதித்ய பிர்லா குழுமத்தின் 2,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் மொனேரோ எடுக்கும் மால்வேர் புகுந்ததாக செய்தி வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில், திருப்பதி மாநகராட்சி உட்பட ஆந்திர அரசின் சில இணையதளங்களில் மைனிங் கோடு ஒளிந்திருப்பதை பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அந்தப் பக்கத்தைத் திறந்தவரின் பிராசஸர், அவருக்கே தெரியாமல் வேலை செய்தது.

இணையதளத்தில் இருப்பது பக்கத்தை மூடினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நாமே எண்டர் தட்டி உள்ளே விட்டது அப்படி இல்லை. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் மறுபடி தானாகத் தொடங்கும்படி அதை அமைக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த கம்ப்யூட்டரில், சொந்த கரண்டில் மைனிங் செய்ய இந்தியாவில் தனித் தடைச் சட்டம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்கான மெஷின் செலவைக் கழித்துக்கொள்ளவும் முடியாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் இதை ஓடவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலேஜ் லேப், ஆபீஸ், இ-சேவை மையம் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். கமிஷனுக்காக வேறொருவரின் வாலட்டைப் போட்டு ஓடவிட்டாலும், முதலில் மாட்டுவது எண்டர் தட்டியவர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* எதையும் திறக்காமலேயே ஃபேன் சத்தமாகச் சுற்றுகிறதா, லேப்டாப் கொதிக்கிறதா என்று பாருங்கள்.

* டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு அளவைப் பாருங்கள். அதைத் திறந்ததும் தானாக அடங்கிவிடும் மால்வேர்களும் உண்டு. எனவே ஃபேன் சத்தம் திடீரென்று நின்றாலும் சந்தேகப்படுங்கள்.

* ஸ்டார்ட்டப் பட்டியலிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் தெரியாத பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

* "முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று யார் சொன்னாலும் அந்த வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சந்தேகம் உறுதியானால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸால் முழுமையாக ஸ்கேன் செய்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் இழந்திருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதிவு செய்யலாம்.

மைனிங் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். ஆனால் எண்டர் தட்டும் முன் அந்த வரியில் உள்ள 95 எழுத்தை ஒருமுறை பாருங்கள். அது உங்க வாலட்டா? இல்லையென்றால், நீங்கள் யாரோ ஒருவருக்கு கரண்ட் பில் கட்டப் போகிறீர்கள்.