கைதட்டலும் கணக்கும்

தோழனே!

மே திங்கள் 12-ஆம் நாள் வந்துவிட்டால் மருத்துவமனைதோறும் விழா. வெள்ளுடை தரித்த செவிலியர் அணிவகுத்து நிற்பர், மெழுகுவத்திகள் ஒளிரும், மேடையிலே வீற்றிருப்போர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, "கருணையின் வடிவே! தியாகத்தின் திருவுருவே!" என்று வாழ்த்துவர். கைதட்டல் கூரையைப் பிளக்கும். விருந்தினர் வீடு திரும்புவர். செவிலி இரவுப் பணிக்குத் திரும்புவாள். அங்கே அவள் ஒருத்தியை நம்பிக் கிடக்கும் படுக்கைகள் எத்தனை? அதை மட்டும் மேடையிலே எடுத்துரைக்கக் காணோம்!

அந்நாள், பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். விளக்கேந்தி நிற்கும் அவர் ஓவியத்தை நீ கண்டிருப்பாய். விளக்கை வரைந்தவர்கள், மறு கையிலிருந்த கணக்கேட்டை வரைய மறந்தனர்! கிரீமியப் போரின்போது 1854-ல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற அம்மையார், தாயகம் மீண்டபின், 1858-ல் மலரிதழ் போன்ற வண்ண வரைபடங்கள் தீட்டி ஆட்சியாளர் முன் வைத்தார். பகைவர் குண்டுக்கு இரையானோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு இரையான வீரரே மிகப் பலர் என்பதை அவை காட்டின. கண்ணீர் சிந்திக் கேட்டிருந்தால் கைக்குட்டை நீட்டியிருப்பர். கணக்கைக் காட்டிக் கேட்டதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

"செவிலிக்கு என்ன வேலை? டாக்டர் சொன்னதைச் செய்வதுதானே?" என்பார் உண்டு. விர்ஜீனியா ஹெண்டர்சன் எனும் அமெரிக்கச் செவிலி, 1966-ல் வெளியிட்ட நூலிலே இதற்கு விடை அளித்தார். வலிவும் மனமும் அறிவும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாத வேளையிலே அவனுக்காகச் செய்வதும், விரைவில் அவனைத் தன் காலில் நிற்கவைப்பதும் செவிலிக்கே உரிய தனித்தொழில் என்றார். நம் வள்ளுவரோ, மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தையே நான்கு கூறாக்கினார். உழைச்செல்வான் என்று பெயரும் இட்டார். எடுபிடி என்றாரில்லை, நான்கில் ஒன்று என்றார்!

இரவு வார்டுக்கு வா. நாற்பது படுக்கைக்கு ஒரு செவிலி என்று வைத்துக்கொள். எட்டு மணி நேரத்தை நாற்பதால் வகுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஊசி, மாத்திரை, சலைன் புட்டி, குருதி அழுத்தம், கேஸ் ஷீட்டிலே எழுதுவது, அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். ஏட்டிலே எழுதப்படுபவை எப்படியோ நடந்துவிடும், எழுதப்படாதவையே நின்றுபோகும். பக்கவாதத்தால் அசைவற்றுக் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலே புண் எழும். அறுவை முடிந்தவருக்கு நாடி மெல்ல மெல்ல விரைவது, பேச்சு குழறுவது, மூச்சு வாங்குவது — இவை உயிர் ஊசலாடப் போவதன் முன்னறிவிப்பு. அதைக் காண ஒரு கண் அருகே வேண்டும். முப்பத்தொன்பதாம் படுக்கையிலே இருக்கும் கண், மூன்றாம் படுக்கையைக் காணுமா? "சிஸ்டர் எரிந்து விழுகிறார்" என்று குறை கூறுவோர், இந்த வகுத்தல் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். (நாடக உலகம் செவிலிக்குத் தருவதும் ஒரு வெப்பமானி, ஒரு புன்னகை, இரண்டு வசனம், அவ்வளவே!)

மேடை அலங்காரப் பேச்சன்று இது. லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநிலத்திலே 168 மருத்துவமனைகளில் 2,32,342 அறுவை நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 2002-ல் வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பிலே நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது.

இங்கே விதி இல்லாமல் இல்லை. இந்தியச் செவிலியர் மன்றம், போதனை மருத்துவமனையிலே மூன்று படுக்கைக்கு ஒரு செவிலி, மற்றவற்றிலே ஐந்துக்கு ஒருவர், விடுப்பில் செல்வோருக்காக 30 விழுக்காடு கூடுதல் என்று வகுத்தது. கேட்க இனிக்கிறது! ஆனால் நாளொன்றுக்கு மூன்று ஷிப்டு. ஆகவே ஏட்டிலே மூன்றுக்கு ஒருவர் என்பது, கட்டிலருகே ஒன்பதுக்கு ஒருவர். அந்த ஒன்பதேனும் கிட்டுகிறதா? கலிபோர்னியாவிலே 1999-ல் சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறையாக்கினர். பொது வார்டிலே ஐந்துக்கு ஒருவர் என்று அங்கே சொன்னால், பகலோ இரவோ, அந்த நேரத்திலே வார்டில் நிற்பவரையே அது குறிக்கும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று முணுமுணுப்போர்க்கு ஒரு சேதி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே 2016-ல், 27 அரசு மருத்துவமனைகளில், பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் எழுவருக்கு ஒருவர் என விதித்தனர். 2021-ல் லான்செட் இதழிலே வந்த ஆய்வு, நோயாளிகள் தங்கும் நாள் குறைந்ததாலும், வீடு சென்றவர் மீண்டும் வந்து சேர்வது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இருமடங்கு என்று காட்டிற்று.

தமிழகத்திலே ஆளே இல்லையா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கானோரை எடுத்தது. தொகுப்பூதியம் திங்களுக்கு 7,700 ரூபாய். ஈராண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. 2017 நவம்பரிலே அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையிலே அமர்ந்தனர். உயர்நீதிமன்றம் தடை விதிக்க, வார்டுக்கு மீண்டனர். 2020-ல் பெருந்தொற்று வந்தது, மீண்டும் ஒப்பந்தம், நாடே வாசலில் நின்று கைதட்டியது. 2022 டிசம்பர் 31-உடன் அவர்களிலே 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. வேறு தற்காலிகப் பணி தருகிறோம் என்றது அரசு. நிரந்தர நோய்க்குத் தற்காலிகச் செவிலி! எந்தப் பொறியாளரையாவது தியாகத்தின் திருவுரு என்று புகழ்ந்து ஊதியத்தைக் குறைத்ததுண்டா? செவிலியரிலே பெரும்பாலோர் பெண்கள். புகழ்ச்சியைக் கொடுத்துப் பொருளைக் குறைப்பது பெண்களிடந்தானே எளிதாகிறது!

தனியார் துறை? 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பணித்தபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தருக என்றது. கேரளம் 2018-ல் அதைக் குறைந்த அளவு ஊதியமாக அறிவித்தது, செவிலியர் தெருவிலே இறங்கிப் போராடிய பிறகு. உலகிலே 2023-ல் 58 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விமானச்சீட்டோடு அழைக்கும் நாடுகள் பல இருக்க, இங்கே ஒப்பந்தத் தாளை நீட்டினால் யார் தங்குவார்?

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு, தோழனே. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு உன் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு ஒரு மனு எழுது. அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவர்களிலே ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை, சென்ற திங்களின் ஒவ்வோர் இரவிலும் பொது வார்டிலே இருந்த நோயாளிகள் எத்தனை, செவிலியர் எத்தனை என்று கேள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்ததும் முன்னதைப் பின்னதால் வகுத்து, கிடைத்த எண்ணை உன் ஊர்த் தெருமுனைக் கூட்டத்திலே சொல்.