குடிலும் மட்டாஞ்சேரிக் கூடமும்

காதல் முறிவுக்குப் பிந்தைய தனிமையைப் பாடும் இசைத்தொகுப்புகளைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரு குடிலிலிருந்தே தொடங்குகிறார்கள். வெளியே பனி. உள்ளே ஒரு கிட்டார், ஓர் ஒலிவாங்கி, ஒரே ஒரு மனிதன். இந்தக் குடில் கற்பனையன்று. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஜஸ்டின் வெர்னன் என்னும் இளைஞரின் இசைக்குழு கலைந்தது, காதலும் முறிந்தது, உடல்நலமும் கெட்டது. வடகரோலினாவை விட்டு வண்டியோட்டிச் சென்ற அவர், விஸ்கான்சின் மாநிலத்தில் தந்தைக்குச் சொந்தமான வேட்டைக் குடிலில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். அங்கே உருவான ஒன்பது பாடல்களைப் போன் ஈவேர் என்ற பெயரில் 2007இல் தாமே வெளியிட்டார்; மறு ஆண்டு ஜாக்ஜகுவார் நிறுவனம் அவற்றை உலகறியச் செய்தது. 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற அத்தொகுப்பு, இன்டி ஃபோக் எனப்படும் வகைமையின் தலைமைப் பிரதிகளுள் ஒன்றாகிவிட்டது.

சிக்கல் தொகுப்பில் இல்லை. குடிலைப் பாடல்களின் நம்பகத்தன்மைக்குச் சான்றிதழாக மாற்றும் வாசிப்பில்தான் இருக்கிறது. தனியே இருந்தான், ஆகவே உண்மையைப் பாடினான் என்பதே அவ்வாசிப்பின் தருக்கம். யாரும் கேட்காத இடத்தில் பிறந்த குரல்தான் கலப்பற்றது என்னும் இந்த நம்பிக்கை, மேலைக் கற்பனாவாதத்தின் பழைய சொத்து. இன்று அது கருத்தரங்குக் கட்டுரைகளிலும் கேள்விக்கு உட்படாமல் புழங்குகிறது.

தொகுப்பைச் செவிகொடுத்துக் கேட்டாலே அந்தத் தருக்கம் தளர்ந்துவிடும். வெர்னன் தம் குரலை ஒருமுறை பதிவுசெய்து நிறுத்திவிடவில்லை. உச்சத்தாயியில் பாடிய குரலின்மேல் மீண்டும் தம் குரலையே அடுக்கி, அதன்மேல் இன்னொன்றை அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் காதில் விழுவது தனிக்குரலன்று, ஒரே மனிதன் கூடிப்பாடும் சேர்ந்திசை. பக்கத்தில் யாருமில்லாதபோது தன்னையே பலராகப் பெருக்கிக்கொள்ளும் உத்தி அது. எம்மாவைப் பெயரில் கொண்ட பாடலில் ஒலிக்கும் ஊதுகருவிகளோ பிறர் வாசித்துப் பின்னர் சேர்க்கப்பட்டவை. பிற்காலத்து மேடைகளில் ஓநாய்களைத் தலைப்பாகக் கொண்ட பாடல் வரும்போது, அதன் அடி ஒன்றைத் தம்மோடு சேர்ந்து பாடும்படி அரங்கையே வெர்னன் கேட்டுக்கொண்டார். குடிலிலிருந்து புறப்பட்ட பாட்டு தொடக்கம் முதலே ஆள் தேடிக்கொண்டிருந்தது.

இத்தனையும் எதற்கென்றால், அந்தக் குடில் இப்போது கொச்சியில் இருக்கிறது. வைட்டிலா மொபிலிட்டி ஹப்பில் எந்த மாலையில் நின்றாலும் அதைக் காணலாம். 2011இல் திறக்கப்பட்ட பேருந்து முனையம். 2019இல் அங்கே மெட்ரோ வந்தது. 2023இல் காக்கநாட்டுக்கு நீர்வழி மெட்ரோவும் வந்து சேர்ந்தது. சாலையும் தண்டவாளமும் நீரும் ஓரிடத்தில் சந்திக்கும் அந்த வளாகத்தில் சந்திக்காதவர்கள் மனிதர்கள் மட்டுமே. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள், தாதியர் பயிற்சி மாணவிகள், விடுதியிலிருந்து ஊருக்குப் போகும் ஆய்வு மாணவர்கள் என ஒவ்வொருவர் காதிலும் செவிப்பொறி. அவற்றுள் சிலவற்றிலேனும் பிரதீக் குஹாடின் 'கோல்ட்/மெஸ்' ஓடிக்கொண்டிருக்கும். 2018இல் வெளிவந்த இச்சிறுதொகுப்பே, இந்தியாவில் முறிவின் தனிமையைப் பாடிய இன்டி ஃபோக் படைப்புகளில் மிகப் பரவலாகக் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று. அதன் தலைப்புப் பாடல் 2019இல் ஒபாமாவின் விருப்பப்பட்டியலில் இடம்பெற்றபோது நாளேடுகள்கூட அதைப் பேசின. (கொச்சியின் புகழ்பெற்ற ஃபோக் குழுவான 'வென் சாய் மெட் டோஸ்ட்' மகிழ்ச்சியைப் பாடுவதற்கே பெயர்போனது. துயரத்தை இறக்குமதி செய்துகொள்ளும் நகரம், மகிழ்ச்சியை உள்ளூரிலேயே தயாரிக்கிறது போலும்.)

வைட்டிலாவிலிருந்து தேவரை, தோப்பும்படி வழியாக மேற்கே சென்றால் மட்டாஞ்சேரி. பன்னிரண்டு கிலோமீட்டர் அளவிலான தொலைவுதான். ஆனால் பிரிவைப் பாடும் முறையில் அது வேறோர் உலகம். குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கணி பேசுவோர், கொங்கணிகள், தமிழர்கள் என வணிகமும் பிழைப்பும் கொண்டுவந்து சேர்த்த சமூகங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பகுதி அது. அவர்களோடு இந்துஸ்தானி இசையும் வந்து இறங்கியது. 1951இல் 'ஜீவித நௌகா'வின் வழியாகத் திரைக்கு வந்து, 1954இல் 'நீலக்குயில்' படத்திலும் பாடிய மெஹ்பூப், அந்தத் தெருக்களின் குரல். திரைப்பாடகர் என்ற பெயரைவிட மெஹ்பூப் பாயி என்ற பெயரே அவருக்கு அங்கே பெரிது. கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் வீட்டுக் கூடங்களிலும் பாடிய பாட்டுகளே அவருக்கு அந்தப் பெயரைப் பெற்றுத் தந்தன. 1981இல் அவர் மறைந்தார்.

மெஹ்பூபுக்குத் தபலா வாசித்த இளைஞர்களுள் ஒருவர் இப்ராஹிம். பம்பாய்க்குச் சென்று உஸ்தாத் முஜாவர் அலிகானிடம் பயின்று திரும்பியவர். அவரை உம்பாயி என்று அழைத்து அப்பெயரையே நிலைக்கச் செய்தவர் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாம். ஊர் ஊராகச் சென்று மக்களிடம் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' எடுத்த அதே ஜான்தான். குடிலில் தனித்திருந்தவர் தமக்குத் தாமே ஒரு மேடைப்பெயர் சூட்டிக்கொண்டார்; மட்டாஞ்சேரிக்காரருக்கோ பெயரும் நண்பர் தந்ததாகவே இருக்கிறது. மலையாளத்தின் முதல் கஜல் தொகுப்பு எனப் பரவலாகச் சொல்லப்படும் 'பிரணாமம்' உம்பாயியுடையது. ஓ. என். வி. குறுப்பின் வரிகளில் 'பாடுக சைகல் பாடூ', சச்சிதானந்தனின் வரிகளில் 'அகலெ மௌனம்போலெ' ஆகியவை பின்னர் வந்தன. ஆர்மோனியத்தைத் தாமே வாசித்துக்கொண்டு, கரகரப்பைத் திருத்திக்கொள்ளாத குரலில் பாடிய அவர் 2018 ஆகஸ்ட் 1 அன்று ஆலுவாவில் காலமானார்.

உம்பாயியின் பாடுபொருளும் பெரும்பாலும் இழந்த காதல்தான், கைவிடப்பட்டவனின் இரவுதான். வெர்னனின் துயரத்துக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று. வேறுபாடு, அத்துயரம் கேட்பவரை எங்கே அமர்த்துகிறது என்பதில் உள்ளது.

கஜலின் யாப்பைச் சற்று நினைவுகூர வேண்டும். முதல் ஈரடியின் இரண்டு அடிகளும் ஒரே சொல்லில் முடியும். அச்சொல்லுக்கு முன்னால் ஓர் இயைபு நிற்கும். அதன்பின் வரும் ஒவ்வோர் ஈரடியிலும் இரண்டாம் அடி மட்டும் அந்தச் சொல்லுக்குத் திரும்பும். ஆகவே முதல் ஈரடி முடிந்த கணத்திலிருந்தே, பாட்டு எங்கே வந்து சேரும் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி வந்து சேரும் என்பது மட்டும் தெரியாது. பாடுபவர் முதல் அடியை மூன்று முறை, நான்கு முறை திருப்பிப் பாடித் தாமதிக்கிறார், கூடம் காத்திருக்கிறது, அந்தச் சொல் வரும்போது பாடகரோடு கூடமும் சேர்ந்தே அதை உச்சரிக்கிறது. கைவிடப்பட்டவனின் கடைசிச் சொல்லை இருபது பேர் கூடிச் சொல்கிறார்கள்! இது யாப்பின் ஓரத்தில் நிகழும் சடங்கன்று. கேட்பவர் இல்லையென்றால் அந்த யாப்பு பாதி வேலையைத்தான் செய்யும். மலையாளக் கஜல்கள் பெரும்பாலும் இந்த விதிகளை முழுமையாகப் பின்பற்றுவதில்லை, உண்மை. எனினும் தாமதித்தல், திருப்பிப் பாடுதல், கூடத்தின் வாய்ச்சொல்லுக்கு இடம்விடுதல் ஆகியவற்றை அவை அப்படியே வாங்கிக்கொண்டன.

'பாடுக சைகல் பாடூ' இன்னும் ஒரு படி செல்கிறது. 1947இல் மறைந்துவிட்ட கே. எல். சைகலைப் பாடச் சொல்லி வேண்டும் பாட்டு அது. 1940இல் வெளிவந்த 'ஜிந்தகி' படத்தில் சைகல் பாடிய ராஜகுமாரித் தாலாட்டு அதன் பின்புலம். தனித்திருப்பவன் தன் துயரத்தைத் தன் சொல்லால் பாடாமல், தனக்கு முன் துயருற்ற ஒருவரின் குரலை அழைக்கிறான். தனிமைக்குள் இன்னொருவர் வந்து அமர்ந்துகொள்கிறார்.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். மட்டாஞ்சேரியின் அந்தக் கூடத்தில் அமர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். நள்ளிரவு வரை நண்பர்களோடு அமர்ந்து பிரிவை இரசிக்கும் உரிமை யாருக்கு இருந்ததோ அவர்கள். காதல் முறிந்த பெண்ணொருத்திக்கு அந்த இருபது பேரின் ஆறுதல் கிடைத்திருக்காது. அவளுக்குக் காதல் இருந்தது என்பதைச் சொல்வதற்கே இடம் இருந்திருக்காது. அவளுடைய பேத்தி இன்று வைட்டிலாவில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால், அந்தக் கதவு மூடிய தனிமை அவளுக்கு ஓர் இழப்பு மட்டுமன்று, உரிமையும்கூட. மெஹ்ஃபிலைக் கண்ணீர் மல்கப் புகழ்ந்து, செவிப்பொறியைப் பழிக்கும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாவிக் கடந்துவிடுகின்றன. மெஹ்ஃபிலைப் புகழ விரும்புபவர் இதற்கு விடை சொல்லித்தான் ஆகவேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு விடையின் ஒரு பகுதி கையருகிலேயே இருக்கிறது. சங்கப் பாடல்களில் தனிமை அனேகமாக யாரிடமேனும் சொல்லப்படுகிறது. தலைவிக்குத் தோழி இருக்கிறாள், தலைவனுக்குப் பாங்கன். குறுந்தொகையின் 58ஆம் பாடலில், வெயில் காயும் பாறைமேல் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறான். தமிழில் தனிமைக்குக் கிடைத்த மிகக் கொடிய படிமம் அது. அதையும் அந்தத் தலைவன் தன்னைக் கடிந்துகொள்ளும் நண்பரிடம்தான் சொல்கிறான். அந்த ஆணின் குரலை எழுதியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண். அவரே அகநானூற்றின் 45ஆம் பாடலில், கணவனை இழந்து அலைந்த ஆதிமந்தியைப் போலத் தானும் அலையவேண்டியதுதானா எனத் தலைவியைக் கேட்க வைக்கிறார். அதே நூலின் 147ஆம் பாடலில் ஔவையாரின் தலைவி, வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுவிட எண்ணுகிறாள். ஆதிமந்தியை வெள்ளிவீதி அழைக்கிறார். வெள்ளிவீதியை ஔவை அழைக்கிறார். ஓ. என். வி. சைகலை அழைத்த அதே செயல். ஆனால் இங்கே கூடம் இல்லை, பெண்களுக்கிடையே கைமாறும் பெயர்கள் மட்டுமே உண்டு. பாடல் வழியாகப் பாடியவரின் வாழ்க்கையைத் தேடும் வாசிப்புக்கும் ஔவையின் அந்த அடியே தமிழில் ஒரு முன்னோடி என்பதையும் போகிற போக்கில் குறிக்கலாம். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் வகுத்த விதியும், ஔவை உவமையின் வழியே அதன் ஓரமாய் நடந்த தந்திரமும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சங்கத்துப் பிரிவும் இன்றைய முறிவும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பாலைத்திணையின் தலைவன் பொருள் தேடித் திரும்பி வருவான். காத்திருத்தலுக்கு அங்கே ஒரு பருவம் குறிக்கப்பட்டிருக்கிறது. எம்மாவும் 'கோல்ட்/மெஸ்'ஸும் பாடுவது திரும்பி வராத ஒன்றை. ஐந்திணைக்குள் அதற்கு வீடு இல்லை. கஜலின் காதலிக்கோ திரும்பி வரும் வழக்கமே கிடையாது. ஆகவே முறிவைப் பேசக் கஜலே நெருங்கிய உறவு. இருப்பினும், துயரம் முந்தைய துயரத்தைப் பெயர்சொல்லி அழைக்கும் முறையில் மூன்றும் ஒன்றுகூடுகின்றன. வெர்னன் அடுக்கிய குரல்களையும் இந்த வரிசையில் வைத்துக் கேட்கலாம். அழைப்பதற்கு முன்னோர் எவரும் கைக்கு எட்டாத நிலையில் தன் குரலையே முன்னோராக்கிக்கொண்ட ஒருவரின் இசை அது.

இவ்வளவும் இசை இரசனை தொடர்பான கருத்து வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வுலகம் எதை ஆய்கிறது என்பதை ஆவணமே தீர்மானிக்கிறது. குடிலின் தொகுப்புக்கு வெளியான தேதி, பாடல்வரிசை, நேர்காணல், மதிப்புரை எல்லாம் இருக்கின்றன. நூலகத்தை விட்டு எழாமலே அதைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதிவிடலாம். மெஹ்பூப் ஒரு கல்யாண இரவில் எதைப் பாடினார், யார் கேட்டு எதைத் திரும்பப் பாடினார் என்பதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. அவருடைய திரைப்பாட்டுகள் எஞ்சின, கூடங்கள் எஞ்சவில்லை. அந்த இரவுகளில் இளைஞர்களாக அமர்ந்திருந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். உம்பாயி போய்விட்டார். காலடியிலும் களமசேரியிலும் எர்ணாகுளத்திலும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன; மட்டாஞ்சேரி அவற்றில் எதற்கும் தொலைவன்று. விஸ்கான்சினின் பனியைப் பற்றி மேலும் ஒரு கட்டுரை எழுதப்படுவதற்குள், யாரேனும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தெருக்களுக்குச் செல்லவேண்டும்.

அங்கே கேட்க வேண்டியவை பெரிய கோட்பாட்டுக் கேள்விகளல்ல. ஆர்மோனியம் யாருடையது? பாட்டு எப்போது தொடங்கி எப்போது முடியும்? அழுதவர்கள் உண்டா, அழுதால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அவ்வீட்டுப் பெண்கள் அடுத்த அறையில் இருந்தார்களா, மாடிப்படியில் இருந்தார்களா, அங்கிருந்து அவர்களுக்கு எந்தப் பாட்டுகள் கேட்டன? அவற்றுள் எதை அவர்கள் மறுநாள் தங்களுக்குள் பாடிக்கொண்டார்கள்?