சீவல் தொழிலாளரின் பட்டி யாருடைய அளவுக்கு?

பனையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சீவல் தொழிலாளியின் மனைவி சில காலத்துக்கு முன் எம்மிடம் வந்தார். நட்டஈடு பெற வழியுண்டா என்பதே அவர் கேட்டது. சட்டம் படித்தவர் வாயில் முதலில் வரும் வினா, "வேலை கொடுத்தவர் யார்?" என்பது. அதையே நாமும் கேட்டோம். மரம் ஒருவருடையது, கள்ளை அளந்தெடுப்பது சங்கம், ஏறியவரோ எவரிடத்தும் மாதச் சம்பளம் பெற்றவரல்லர். விடை சொல்லத் தெரியாது நின்ற அம்மையார், சற்று நேரங்கழித்து வேறொன்றைச் சொன்னார். பாதுகாப்புப் பட்டி ஒன்று கணவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததாம். கொடுத்த நாள் தொட்டு அது வீட்டுச் சுவரில் ஆணியிலே தொங்குகிறதாம். "அவருக்கு அது பெரிசு ஐயா. இடுப்பிலை நிக்காது."

இந்த ஒரு வசனமே இன்று எம்மை எழுத வைக்கின்றது.

"பட்டி கொடுத்தாலும் இவர்கள் கட்டமாட்டார்கள்" என்று கூறுவோர் எம்மிடையே பலர். படித்தவரும் கூறுவர், காணிக்காரரும் கூறுவர். கட்டாமைக்குக் காரணம் அசட்டைத்தனமென்றும், பழக்கதோஷமென்றும் முடிவு கட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். காலில் மாட்டும் தளைநாரை எந்தச் சீவல் தொழிலாளியாவது மறந்து மரத்தடிக்குப் போனதுண்டா? இல்லை. ஏன்? அது அவர் தம் காலளவுக்கு, தம் கையாலே செய்துகொண்டது. தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் பாதத்தை அறுக்கும் என்பதை அவருக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இன்னொருவர் தளைநாரை வாங்கிப் போட்டு ஏறுவதற்கு அவர் எளிதில் உடன்படார். ஆகவே பொருத்தம் என்பதன் அருமையை அறியாதவர் அவரல்லர். ஒரே அளவில் பட்டிகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, படமெடுத்து, கையெழுத்துப் பெற்று விநியோகித்தோரே அறியாதவர்.

பட்டியின் இயல்பைச் சிறிது விளக்குவது தகும். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டி, மரத்தைச் சுற்றிய வாருடன் சேர்ந்து, இரு கைகளையும் விட்டு வேலை செய்ய உதவும். விழுந்தவரைத் தாங்குவதற்கு அது போதாது. விழுந்த வேகத்தில் உடல் இரண்டாக மடியும். வயிற்றின் உள்ளுறுப்புகள் நசியும். பட்டி தளர்ந்திருந்தால் ஆள் தலைகீழாக அதிலிருந்து நழுவியும் போவார். தோளையும் மார்பையும் இரு தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடற் பட்டியே விழுகையின் அதிர்ச்சியை எலும்பு வலிமையுள்ள இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அதுவும் அளவாக இருந்தாலன்றிப் பயனில்லை. தொடைவாருக்கும் தொடைக்கும் இடையில் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும். மூடிய முட்டி நுழையக் கூடாது. மரத்தில் ஏறுமுன், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் அதில் தொங்கிப் பார்த்தல் வேண்டும். எங்கே வெட்டுகிறது, எங்கே நழுவுகிறது என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். இச்சோதனைக்குச் செல்லும் நேரம் ஒரு வெற்றிலை போடும் நேரம்.

இனிப் பனைக்கே உரிய சங்கடங்கள் உள. கட்டட வேலைக்கெனச் செய்த பட்டியில் கொளுவி முதுகுப்புறம் இருக்கும். மேலே உறுதியான உத்தரம் ஒன்றில் மாட்டலாம் என்ற எண்ணத்தில் செய்தது அது. பனையில் உத்தரம் ஏது? மட்டையில் மாட்டினால் மட்டையோடு வரவேண்டியதுதான். வட்டுக்குக் கீழே தண்டைச் சுற்றி, இழுத்தால் இறுகும் சுருக்காக வாரைப் போட வேண்டும். பழைய மட்டைகளின் அடிப்பகுதி குறுக்கிடும் இடத்தில் ஒரே வார் இருந்தால், அதைக் கழற்றி மேலே போடும் அக்கணத்தில் ஆள் ஒன்றிலும் கட்டப்படாதவராகிறார். எனவே வார் இரண்டு வேண்டும். ஒன்றை மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்றலாம். பாளைக்கத்தியின் கூர்மையையோ சொல்லவேண்டியதில்லை. கைதவறிப் பட்டால் நைலோன் வார் நூல்போல் அறுந்துவிடும். நடுவில் உருக்குக் கம்பி ஓடிய வார்கள் மேலைநாடுகளில் மரம் வெட்டுவோர் கையில் உள. வெயில் நாளடைவில் நைலோனைத் தின்றுவிடும் என்பதையும், ஒருமுறை விழுகையைத் தாங்கிய பட்டியை மறுபடி பாவிக்கலாகாது என்பதையும் விநியோகித்தவர் எவரேனும் சொன்னாரா?

தொங்குபவரை இறக்குவது யார் என்பதும் கேட்கப்படாத கேள்வி. பட்டியில் அசைவின்றித் தொங்கும் ஒருவரின் கால்களில் இரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தாமதம் உயிரையும் கொள்ளலாம். விடிகாலையில் தனியாளாய் வளவுக்குள் ஏறுபவருக்குப் பட்டி மட்டும் கொடுத்தால் போதுமா? கூப்பிடு தூரத்தில் இன்னோர் ஆளும், ஏறி இறக்கத் தெரிந்தவரும் வேண்டாமா?

கட்டாமைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஒருவர் 10 மரம் ஏறுவாராயின் காலையும் மாலையுமாக நாளுக்கு 20 ஏற்றம். 60 அடி மரமெனக் கொண்டால் 1,200 அடி. ஏற்றமொன்றுக்கு மூன்று நிமிடத்தைப் பட்டி தின்றால் நாளில் ஒரு மணித்தியாலம் போகிறது. போத்தற் கணக்கில் கூலி கொடுக்கும் நாம், அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை. பிறகு அவசரப்படுகிறார் என்று அவரையே குற்றஞ் சொல்லுகிறோம்!

சட்டத்துக்கு வருவோம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையைத் தேடும், பனை தொழிற்சாலையன்று. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளியைத் தேடும். பனையடியில் முதலாளி என்று ஒப்புக்கொண்டு நிற்பவர் ஒருவருமிலர். 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. உறுப்பு நாடு என்ற அளவிலே இலங்கைக்கும் அக்கடப்பாடு உண்டு. கொழும்பு இதனைப் பனைவரை கொண்டுவரும் என்று நாம் காத்திருக்கப் போவதில்லை. கேரளத்தில் 2011 ஆம் ஆண்டு இந்தியத் தென்னை வளர்ச்சிச் சபை இளைஞரைத் திரட்டி, ஏறுபொறி கொடுத்து, பயிற்சி தந்து, காப்புறுதியும் செய்தது. அப்பொறி தென்னைக்கு ஏற்றது. எமது பனைக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் கருவியும் பயிற்சியும் காப்புறுதியும் ஒருங்கே வரவேண்டும் என்ற முறை எமக்கும் பொருந்தும். 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபைக்கும், சங்கங்களுக்கும், காணிக்காரருக்கும் இது ஆகாத காரியமன்று.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். கோயிலிலும் பள்ளியிலும் தேநீர்க்கடையிலும் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல், 21 ஆம் இலக்கத்தில், வந்துவிட்டது. ஆயின் இத்தொழிலாளரை வளவின் பின்வாசலில் நிறுத்தி, முட்டியை மட்டும் வாங்கும் வழக்கம் எம் மனத்திலிருந்து முற்றாகப் போனதா? ஒருவர் முன்னே நின்று, அவர் இடுப்பையும் தொடையையும் மார்பையும் நாடாவால் அளக்க எவரும் முன்வராதபோதுதான் எல்லோருக்கும் ஒரே அளவு வாங்கப்படுகிறது. தமிழருக்கு உரிமை கேட்டு மேடையேறும் நாம், எமது வளவில் ஏறுபவருக்கு இதைச் செய்யாதிருப்பது எம்மைத்தான் வெட்கப்படுத்துகிறது.

அடுத்த பருவத்தில் பாளை தட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் அளவெடுக்கும் நாளொன்றை அறிவிக்கட்டும். எந்தப் பட்டி, எத்தனை வார் என்பதை மூத்த தொழிலாளரே முதலில் கட்டி ஏறிப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். செலவில் பங்கைக் கமக்காரர் ஏற்கட்டும். போத்தல் விலையில் பட்டிக்கான நேரமும் சேரட்டும்.

அம்மையாரின் விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டோம். "வேலை கொடுத்தவர்" என்ற இடத்தில் காணிக்காரர் பெயரையும் சங்கத்தின் பெயரையும் ஒருங்கே எழுதியிருக்கிறோம். விசாரணையன்று அந்தப் பட்டியையும் ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறோம்.