முட்டைக்குள் வந்த நஞ்சு

தோட்டத்தில் கோழி வளர்க்காத வீடு குறைவு. அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தொந்தரவு செய்யக் கூடாது, 21-ஆம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்கும் என்பதையெல்லாம் நம் தாய்மார்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து முட்டை வைத்தால் இரண்டு கூமுட்டையாகப் போகும், அது வழக்கம்தான். ஆனால் 552 கூடுகளில் முட்டையிட்டும் ஒரே ஒரு குஞ்சு மட்டும் பிழைத்தது என்றால், அதை என்னவென்று சொல்வது?

இது நடந்தது 1970-ஆம் ஆண்டில். இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு அப்பால் உள்ள அனகாப்பா என்னும் சிறு தீவு. பறவை, பழுப்புக் கூழைக்கடா. அலகுக்குக் கீழே பெரிய பை தொங்குமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இது கோழியைப் போல வயிற்றுச் சூட்டில் அடைகாப்பதில்லை. விரல்களுக்கிடையே சவ்வு படர்ந்த தன் பாதங்களை முட்டைமேல் வைத்து, பாதத்தின் சூட்டைக் கொடுக்கும். அந்த ஆண்டுகளில் இட்ட முட்டைகளின் ஓடு மிகவும் மெலிந்திருந்தது. சூடு கொடுக்க வந்த தாயின் கால்பட்டே முட்டைகள் நொறுங்கின.

தாய்மேல் குற்றமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் டாரன்ஸ் என்ற ஊரில் மான்ட்ரோஸ் என்னும் கம்பெனி 1947 முதல் 1982 வரை டி.டி.டி. மருந்து தயாரித்தது. அதன் கழிவு பல ஆண்டுகள் நகரத்துச் சாக்கடைக் குழாய் வழியாகக் கடலுக்குப் போயிற்று. கடலில் நெத்திலி மீன் அதை உண்டது. கூழைக்கடா நெத்திலியைத் தின்றது.

டி.டி.டி. நமக்குப் புதிய பெயரல்ல. மலேரியாக் கொசுவை ஒழிக்க நம் நாட்டிலும் வீட்டுச் சுவர்களில் அடித்த மருந்துதான். பூச்சிகளைக் கொல்லும் அதன் சக்தியைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த மருந்தால் பிழைத்த உயிர்கள் ஏராளம். அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அது உடலுக்குள் போனால் டி.டி.இ. என்ற வேறொரு பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது. பெண் பறவையின் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேருவதை அதுதான் தடுக்கிறது. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், சேகரிப்பில் இருந்த பழைய பருந்தின முட்டைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1940-களின் கடைசியிலிருந்து ஓடு மெலியத் தொடங்கியதை 1967-இல் எடுத்துக் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை, நம் வீட்டுக் கோழிகளுக்கு டி.டி.இ.யால் இந்த ஓடு மெலியும் கோளாறு அவ்வளவாக வருவதில்லை. கோழியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. பழுப்புக் கூழைக்கடா மெல்ல மெல்லப் பெருகி, 2009-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், வாசக அன்பர்களே, உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரிகிற கேடு. ஓடு உடையாமல், குஞ்சும் உருவாகி, வெளியேயும் வந்துவிட்டால்? அந்தக் குஞ்சு நலமாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் வேறோர் இடத்தில் இருந்தார்கள்.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஒன்டாரியோ என்றொரு ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஈயக்குட்டையை நினைத்துவிடாதீர்கள். பேராக் மாநிலத்தைவிடச் சற்றுத்தான் சிறியது. அங்கே கடற்காகம் என்னும் கடற்பறவை ஆண்டு முழுவதும் தங்கி மீன் பிடித்து வாழ்கிறது. பெயரில்தான் காகம்; உடம்பு வெள்ளை, இறக்கை சாம்பல் நிறம். பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் சீகல் என்று படிப்பது இந்தக் கூட்டத்தைத்தான்.

1970-களின் தொடக்கத்தில் இந்த ஏரியில் ஒரு ஜோடிக்கு ஒரு குஞ்சாவது தேற வேண்டிய இடத்தில், ஏறத்தாழப் பத்து ஜோடிக்கு ஒரு குஞ்சுதான் தேறியது. ஏரித் தண்ணீரில் டி.டி.டி. மட்டுமல்ல, டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கலந்த பி.சி.பி. என்ற ரசாயனமும், நயாகரா ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருந்தன. தண்ணீரைச் சோதித்தால் மிகச் சொற்பமாகத்தான் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாசியில் சேர்ந்து, பாசியைத் தின்ற நுண்ணுயிரில் கூடி, அதைத் தின்ற சிறு மீனிலும் பெரிய மீனிலும் பெருகி, கடற்காகத்திடம் வந்து சேரும்போது பி.சி.பி.யின் அளவு தண்ணீரில் இருந்ததைப்போல இரண்டரைக் கோடி மடங்கு ஆகியிருந்தது. கடன் வட்டி குட்டி போடுவதைக் கண்டிருக்கிறோம். இது அதையும் தோற்கடித்துவிட்டது.

தாய்ப் பறவை தன் கொழுப்பில் சேர்த்துவைத்த நஞ்சை முட்டையின் மஞ்சள் கருவில் இறக்கிவிடுகிறது. பொரிப்பதற்குச் சற்று முன்னால் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் அல்லவா? முதல் சில நாள் ஆகாரமே அதுதான். அந்தக் கொழுப்பு கரையக் கரைய நஞ்சும் பச்சைக் குஞ்சின் இரத்தத்தில் கலக்கும். பிறகு பெற்றோர் ஊட்டும் மீனிலும் அதே நஞ்சு.

குற்றம் முட்டையிலா, அடைகாக்கும் பெற்றோரிடமா என்று அறிய ஆய்வாளர்கள் ஒரு நல்ல உபாயம் செய்தார்கள். ஏரி முட்டைகளை எடுத்து மாசில்லாத இடத்துப் பறவைகளிடம் வைத்தார்கள்; அங்குள்ள நல்ல முட்டைகளைக் கொண்டுவந்து ஏரிப் பறவைகளிடம் கொடுத்தார்கள். இரண்டிலும் நட்டம் தெரிந்தது. முட்டைக்குள்ளும் கேடு, பெற்றோரின் கவனத்திலும் கேடு. கருவி பொருத்திய பொய்முட்டையைக் கூட்டில் வைத்துப் பார்த்தபோது, ஏரிப் பறவைகள் சரியாக அடைகாக்காமல் இருந்தது உறுதியாயிற்று.

பொரிக்காமல் செத்த குஞ்சுகளுக்கும், பொரித்துச் சாகும் குஞ்சுகளுக்கும் உடம்பில் நீர் கோத்திருந்தது. இது கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த நோய். 1957-இல் அமெரிக்காவில் தீவனத்தில் கலந்த கெட்ட கொழுப்பினால் பல லட்சம் கோழிகள் இப்படி நீர் கோத்துச் செத்தன. காரணம் டையாக்சின் வகை நஞ்சு என்று பிற்பாடு தெரிந்தது. மிச்சிகன் ஏரியின் கிரீன் பே பகுதியில் நீர்க்காகக் குஞ்சுகள் சில, மேலலகும் கீழலகும் கத்தரிக்கோலைப் போல மாறிக் கிடக்கும்படி பிறந்தன. தாய் ஊட்டும்வரை அந்தக் குஞ்சு உயிரோடிருக்கும். தானாக மீன் பிடிக்க வேண்டிய நாள் வந்தால் பட்டினிதான்.

இவையும் கண்ணுக்குத் தெரிபவையே. கண்ணுக்குத் தெரியாததை 1990-களில் கீத் கிராஸ்மன், கிளென் ஃபாக்ஸ் முதலியோர் கண்டார்கள். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்த கடற்காகக் குஞ்சுகளையும் ஆலாக் குஞ்சுகளையும் பிடித்து, அவரையினத்து விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை இறக்கைத் தோலில் சிறிது ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தி உள்ள குஞ்சுக்கு மறுநாள் அந்த இடம் நன்றாக வீங்கும். மாசு மிகுந்த இடத்துக் குஞ்சுகளுக்கு வீக்கம் கணிசமாகக் குறைந்திருந்தது. நோய் வந்தால் எதிர்த்து நிற்கும் படை அவற்றின் உடம்பில் சரியாகத் திரளவில்லை. 1996-இல் இதை வெளியிட்டார்கள்.

பெரிய பறவைகள் அந்த ஏரியில் சாதாரணமாகப் பறந்துகொண்டுதான் இருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நம் தோட்டத்தில் மருந்தடிக்கும் அண்ணன்மார், "இருபது வருசமா அடிக்கிறேன் சார், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். வாயிருந்தால் கடற்காகமும் அதையே சொல்லியிருக்கும். இன்று தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லிகள் பெரும்பாலும் இந்தக் கொழுப்பில் தங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் கேடு வேறு வகை, அதற்குத் தனியாக ஒரு மாதம் எழுத வேண்டும். ஆனால் 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் நம் செம்பனைத் தோட்டங்களில் டி.டி.டி., டீல்ட்ரின், என்ட்ரின் ஆகியவை தெளிக்கப்பட்டதுண்டு. ஓலை தின்னும் புழுவுக்கென்று அடித்தார்கள். புழுவைத் தின்னும் பூச்சிகள் செத்து, புழுதான் பெருகிற்று.

மனிதக் குஞ்சுகளின் கதையும் உண்டு. மிச்சிகன் ஏரி மீனை வழக்கமாக உண்ட தாய்மாரின் பிள்ளைகளை ஜோசப் ஜேக்கப்சன், சாண்ட்ரா ஜேக்கப்சன் என்ற இருவர் 11 வயதுவரை கவனித்து வந்து 1996-இல் எழுதினார்கள். தாய்மார் நோயாளிகள் அல்ல. ஆனால் கருவில் பி.சி.பி. மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள், படித்துப் புரிந்துகொள்வதில் இரண்டாண்டு பின்தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்கு. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையை மக்கு என்று திட்டும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் நல்லது. ஒன்றை மட்டும் தாய்மார் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் கேடு சேர்ந்தது பிறப்பதற்கு முன்னால் பெற்ற நஞ்சினால். தாய்ப்பால் குடித்ததனால் அல்ல. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

உலக நாடுகள் கூடி, இப்படி அழியாமல் தங்கும் நஞ்சுகளில் 12-ஐக் கட்டுப்படுத்த 2001-இல் ஸ்டாக்ஹோமில் ஒப்பந்தம் செய்தன. அது 2004-இல் நடைமுறைக்கு வந்தது. ஏரிப் பறவைகள் அதற்கு வெகு முன்பே, 1970-களின் கடைசியில், மீண்டும் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. கனடா நாட்டு வனவிலங்குத் துறையினர் 1974 முதல் கடற்காக முட்டைகளைச் சோதித்து வந்ததோடு, ஒரு பகுதியை ஆண்டு வாரியாக உறைபெட்டியில் பாதுகாத்தும் வைத்தார்கள். பழைய நஞ்சுகள் குறைந்து வந்தன. ஆனால் 1981 முதல் 2000 வரையிலான முட்டைகளை எடுத்துத் திரும்பச் சோதித்தபோது, முன்பு யாரும் தேடாத ஒன்று சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை இரட்டித்து வந்திருப்பது தெரிந்தது. தீப்பற்றாமலிருக்க நாற்காலிப் பஞ்சு மெத்தையிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் கலந்த ரசாயனம் அது. 2009-இல் அதன் சில வகைகளையும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்தார்கள்.