பதவிக்கே மரியாதை, பட்டத்துக்கு அல்ல

அரசுக்குக் கடிதம் எழுத அமரும் சாதாரணக் குடிமகனுக்கு, சொல்ல வந்த குறையைவிட முதல் வரிதான் பெரும் கவலையைத் தருகிறது. "மேதகு" என்று தொடங்குவதா, "மாண்புமிகு" என்று எழுதுவதா, வெறும் "ஐயா" என்றால் போதுமா? விளி பிழைபட்டால் மனுவே ஒதுக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. குடியரசாகி முக்கால் நூற்றாண்டு கடந்த ஒரு நாட்டில் இந்த அச்சம் நீடிப்பது பெருமைக்குரியதல்ல.

ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்களை வாரி வழங்கித் தமக்கு வேண்டியவர்களை உருவாக்கிக்கொண்டது ஆங்கிலேய அரசு. அதனை நன்கு உணர்ந்தவர்கள் என்பதால்தான், ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவில் நமது முன்னோர் எழுதி வைத்தனர். பாரத ரத்னா, பத்ம விருதுகள் இப்பிரிவுக்கு முரணானவையா என்ற வழக்கில் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அவை பட்டங்கள் அல்ல என்றது. ஆனால், பெயருக்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. இன்றும் அழைப்பிதழ்களிலும் கடிதத் தாள்களிலும் "பத்மஸ்ரீ" பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. பழக்கம் நாட்டில் இருக்கிறது.

நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவரே இதற்கு வழிகாட்டினார். பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2012 அக்டோபரில், "மேதகு" என்ற அடைமொழியை உள்நாட்டில் கைவிடுமாறு ராஷ்டிரபதி பவன் அறிவித்தது. குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகிய பதவிப் பெயர்களுக்கு முன் "மாண்புமிகு" போதும். வெளிநாட்டுப் பிரமுகர்களுடனான தொடர்பில் மட்டும் சர்வதேச மரபுப்படி பழைய சொல் தொடரலாம் என்றது அந்த அறிவிப்பு.

நீதிமன்றங்களிலும் இதே கதைதான். "மை லார்ட்", "யுவர் லார்ட்ஷிப்" ஆகியவை காலனி ஆட்சியின் எச்சங்கள் என்று கூறி, மாற்று விளிகளை இந்திய பார் கவுன்சில் 2006-ல் விதியாகவே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தமது நீதிமன்றத்தில் அவ்வாறு அழைக்க வேண்டாம் என்று 2009-ல் வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். 2019-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி இதே கோரிக்கையை விடுத்தனர். எனினும், பழைய விளி மறைந்துவிடவில்லை.

மரியாதைச் சொற்களே வேண்டாம் என்பதல்ல வாதம். பதவிக்கு உரிய மதிப்பைக் கொடுக்க மறுப்பது மக்களாட்சி ஆகாது; அது வெறும் அநாகரிகம். 2022 ஜூலையில், மக்களவை காங்கிரஸ் தலைவர் அதிர் ரஞ்சன் சௌத்ரி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவை "ராஷ்டிரபத்னி" என்று குறிப்பிட்டது நாடாளுமன்றத்தையே முடக்கியது. வாய் தவறி வந்த சொல் என்று விளக்கிய அவர், பின்னர் எழுத்து மூலம் மன்னிப்புக் கோரினார். பதவிக்கு ஆண், பெண் பேதமில்லை என்பதை மறந்ததால் வந்த வினை அது. "தலைவர்" என்ற தமிழ்ச் சொல்லில் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

ஆக, தேவைப்படுவது பதவியைச் சரியாகக் குறிப்பிடும் ஒரு சொல். ஆளைத் துதிக்கும் அடைமொழி வரிசை அல்ல. இதற்கான இலக்கணம் மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேட்டிலேயே இருக்கிறது. அரசின் கடிதம் "ஐயா" அல்லது "அம்மையீர்" என்று தொடங்கி, "தங்கள் உண்மையுள்ள" என்று முடிய வேண்டும் என்கிறது அது. மாநில அரசுகளுக்கு எழுதும் கடிதத்துக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கு எழுதும் கடிதத்துக்கும் இதுவே முறை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மரியாதை கீழிருந்து மேலே மட்டும் செல்ல வேண்டிய ஒன்றல்ல. அமைச்சரை "மாண்புமிகு" என்று அழைத்து எழுதும் விவசாயிக்கு, "மனுதாரர்" என்ற ஒற்றைச் சொல்லுடன் பதில் அனுப்புவது அந்தக் கையேட்டின் உணர்வுக்கே எதிரானது. கையெழுத்திடும் அதிகாரி குடிமகனுக்கு "உண்மையுள்ளவர்" என்பது வெற்றுச் சம்பிரதாயம் அல்ல, அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் சுருக்கம்.

குறை தீர்க்கக் கோரி எந்த அதிகாரிக்கும், மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு அளிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு அனைவருக்கும் அளித்துள்ளது. அந்த உரிமைக்கு அடைமொழி எதையும் அது நிபந்தனையாக்கவில்லை. அரசு அலுவலகங்கள் செய்ய வேண்டியது எளிது: எந்தப் பதவிக்கு எந்த விளி என்று ஒரு வரியில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம், விளி பிழையானாலும் மனுவை ஏற்கலாம், பதில் கடிதத்தில் குடிமகனை "ஐயா", "அம்மையீர்" என்றே அழைக்கலாம். மனுவின் முதல் வரியை அளந்து பார்ப்பதை விட்டு, அதன் அடுத்த வரிகளைப் படிப்பதே அரசின் கடமை.